பெறுபவரின் ஒப்பம்

பரக்கத் சென்டரின் சக்திப் பொறுப்பாளராக நான் நியமிக்கப்பட்டது ஒரு திங்கட்கிழமை காலை, லிஃப்ற்றுக்குள் வைத்து. லிஃப்ற் முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் நின்றுபோயிருந்தது. உள்ளே நானும் ஸலாஹுதீன் ஹாஜியாரும் மட்டும். கட்டடத்தின் சொந்தக்காரர் அவர். கரண்ட், தண்ணீர், லிஃப்ற், கழிவறைப் பூட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற கரண்ட் பாஸ் நான். ஆகவே லிஃப்ற் நின்றதற்கும் நானே பொறுப்பு. ஹாஜியார் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"முபாரிஸ், இத வாசி. இப்ப ஒனக்கு வேற வேல இல்ல தானே."

கடிதம் மூன்று மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பகுதியை விளங்கிக்கொள்ள நான் சிங்களப் பகுதியையும் வாசிக்க வேண்டியிருந்தது. சாரம் இதுதான்: குறித்த பரப்பளவுக்கு மேற்பட்ட வர்த்தகக் கட்டடம் ஒவ்வொன்றும், ஒரு வருடத்தில் எத்தனை யூனிற் மின்சாரம் எடுத்தது, அது ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு விழுகிறது என்பதை அறிவிக்க வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பலகை தருவார்கள். பலகையை வாசலில், வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட ஒரு பொறுப்பாளர் தேவை. பொய் எழுதினால் வழக்கு அவர்மேல்.

"ஹாஜியார், வழக்கு என்ட பேர்ல வருமெண்டு போட்டிருக்கு."

"ஓம், அதான் ஒன்ட பேரக் குடுத்தன். என்ட பேர்ல வந்தா ஊர் சிரிக்கும்."

"என்ட பேர்ல வந்தா?"

"ஊர் இப்பயும் சிரிக்கிது தானே, மகன். லிஃப்ற்ற இறக்கு."

இறக்கினேன். கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது நான் அதிகாரியாக வெளியே வந்தேன். சம்பளம் உள்ளேயே நின்றுவிட்டது.

பதவி கிடைத்தவன் முதலில் செய்வதை நானும் செய்தேன்: கூட்டம் கூட்டினேன். கீழே சுப்பர்மார்க்கெட் வைத்திருக்கும் ஜபார், முதலாம் மாடி கிளினிக்கின் கணக்காளர், மேல்மாடிக் கலியாண மண்டபத்தைப் பார்க்கும் ஆள், மூவரும் வந்தார்கள். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது பற்றி இருபது நிமிடம் பேசினேன். ஜபார் கொட்டாவி விட்டபடி கேட்டார்:

"அப்ப ஃப்ரீஸர நிப்பாட்டிட்டு மீனுக்கு ஓதி ஊதவா முபாரிஸ்?"

"பழைய ஃப்ரீஸர மாத்துங்க எண்டுதான் சொல்றன். என்ட வீட்டப் பாருங்க. பிரிஜ் இருக்கு, ரெண்டு ஃபேன் இருக்கு, டீவி இருக்கு. மாசம் முப்பத்தெட்டு யூனிற். அதுக்கு மேல போன நாளே இல்ல."

"முப்பத்தெட்டா? நீங்க இருட்டுல தடவித் தடவியா சோறு திங்கிறீங்க?"

"ஒழுங்கா வயர் இழுத்த வீடு," என்றேன் மார்பை நிமிர்த்தி. அந்த வீட்டுக்கு வயர் இழுத்தது நானில்லை, என் மச்சான் இனாஸ். நான் அப்போது கட்டாரில் யாருடைய மாளிகைக்கோ வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெருமை பேசும்போது அதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்.

அன்று பின்னேரம் பன்னிரண்டு மாத பில்லையும் கூட்டி, கட்டடத்தின் பரப்பளவால் பிரித்தேன். நூற்றி முப்பது வந்தது. நூற்றி இருபதைத் தாண்டினால் சிவப்பு. திரும்பவும் பிரித்தேன். கல்குலேற்றர் என்னைப் போல இல்லை, இரண்டு முறையும் ஒன்றையே சொன்னது.

நூற்றி முப்பதில் ஒரு பகுதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

பின்மதிலுக்கு மேலாக ஒரு கறுப்பு வயர் போகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது எனக்கு வயது பதினொன்று. மன்னாரிலிருந்து புறப்பட்டு, இந்த ஊரில் மன்னார் வீதி என்று பெயருள்ள தெருவுக்குப் பின்னால் குடியேறினோம். பெயரளவில் பார்த்தால் பெரிய பயணமில்லை. சுற்றிவர எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஒரேயொரு கிணறுதான் நல்லது, அது இப்போதைய ஹாஜியாரின் வாப்பாவுடைய வளவில் இருந்தது. அவர் வளவைத் திறந்துவிட்டார். கிணற்றுக்கு ஒரு மோட்டர் வைத்து, தன் களஞ்சியத்திலிருந்து வயரும் இழுத்துக் கொடுத்தார். களஞ்சியம் இருந்த இடத்தில் மூன்று தட்டுக் கட்டடம் எழும்பியபோதும் அந்த வயரை இடம் மாற்றினார்களே தவிர அறுக்கவில்லை. இன்றைக்கு அறுபத்திரண்டு வீடுகள் அந்தக் கிணற்றை நம்பியிருக்கின்றன. குழாய்த் தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. கிணற்றுக்கென்று தனியாகக் கரண்ட் எடுக்கலாமே என்றால், ஹாஜியார் தரும்போது வேறு இடத்தில் போய்க் கேட்பது அவர் முகத்தில் அடித்தது போலாகும் என்று முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. அப்படியொரு மரியாதை.

படிவத்தின் பதினாலாம் வரிசை இந்த மரியாதையை அறியாது. 'கட்டடத்துக்கு வெளியே செல்லும் மின்சாரம்: எங்கே, எவ்வளவு, பெறுபவரின் ஒப்பம்.' கீழே பொடி எழுத்தில் இன்னும் இருந்தது. முப்பது நாள் மீற்றர் வைத்து அளந்து அறிவித்தால், அந்த அளவைக் கட்டடத்தின் தொகையிலிருந்து கழிப்பார்கள். அறிவிக்காத இணைப்பு எதையாவது கண்டால் அந்த இடத்திலேயே துண்டிப்பார்கள். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

மதிலுக்கு மேலே போகிற வயரைக் காண அவருக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படாது. எழுதினால் கிணறு தப்பும், எழுதாவிட்டால் அறுபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. இவ்வளவு தெளிவான கேள்வி என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாஜியாரிடம் போனேன்.

"எழுத வாணாம்," என்றார்.

"ஹாஜியார், எழுதாட்டி வெட்டிப் போடுவாங்க."

"இது வாப்பா செஞ்ச தர்மம், சதக்கா. மௌத்தாகும் மட்டும் அவர் என்கிட்டயே சொல்லல்ல தெரியுமா? பில் கூட வருதே எண்டு நான் வயரப் பின்னால புடிச்சிட்டுப் போய்த்தான் கண்டு புடிச்சன். பெத்த மகனுக்கே மறைச்சுக் குடுத்தத, நான் ஃபோர்ம்ல எழுதி மூணு கொப்பி அடிச்சு அனுப்புறதா? குடுத்தன் குடுத்தன் எண்டு சொல்லிக் காட்டினா அந்த நன்மையில என்ன மிச்சம்?"

"அப்ப தண்ணி?"

"அதுக்குத்தான் ஒன்ன அதிகாரி ஆக்கினன்."

"மீற்றராவது பூட்டட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீற்றர் பூட்டுறது கரண்ட் பாஸ்ட வேல. அத ஏன் என்கிட்ட கேக்கிற?"

அவ்வளவு போதும் என்று வந்துவிட்டேன்.

மோட்டர் அறையின் சாவி உம்மு குல்சூம் ராத்தாவிடம் இருக்கும். காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் மோட்டரைப் போட்டு, தாங்கி நிரம்பியதும் நிறுத்துவது அவர்தான். அவர் நோயில் விழுந்த நாட்களில்கூட சாவி இன்னொரு கைக்குப் போனதில்லை. என் கையில் இருந்த மீற்றரைப் பார்த்ததும் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"இது என்ன சாமான்?"

"மீற்றர் ராத்தா. எவ்வளவு கரண்ட் போகுதெண்டு பாக்க."

"பாத்து?"

"எழுத."

"எழுதி?"

"குடுக்க."

"ஏன்டா முபாரிஸ், இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே நீ வளந்த? இண்டைக்கு மீற்றர் வரும். நாளைக்குப் பில் வரும். நாளண்டைக்குக் கத்தரிக்கோலோட ஆள் வரும். அந்தக் கத்தரிய நீயே தூக்கிட்டு வந்து நிக்கிற."

பொடி எழுத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் நான் வாசிக்கும்போது வழிவிட்டார், ஒரு நிபந்தனையோடு: மீற்றரை நான் பார்க்கக் கூடாது, அவர்தான் பார்ப்பார். மோட்டர் போடும்போது ஒரு தரம், நிறுத்தும்போது ஒரு தரம். எழுதுவது சுவரில், சோக்கால்.

"நீ கடதாசியில எழுதினா ராவைக்கு மாத்துவ. செவர எப்புடி மாத்துவ பாப்பம்."

சக்திப் பொறுப்பாளரின் மேல் பொதுமக்கள் வைத்திருந்த நம்பிக்கை அந்த அளவில் இருந்தது.

நான்காம் நாள் காலை, கட்டடத்தில் ஒரு மின்குமிழை மாற்றிக்கொண்டிருந்த என்னை ராத்தா தேடி வந்தார். கட்டடத்துக்குள் அவர் கால் வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை.

"ஒன்ட மீற்றருக்குப் பேய் புடிச்சிருக்கு. வந்து பாரு."

சுவரைப் பார்த்தேன். முந்திய நாள் பின்னேரம் மோட்டரை நிறுத்தும்போது எழுதிய எண்ணுக்கும், மறுநாள் காலை மோட்டரைப் போடுமுன் எழுதிய எண்ணுக்கும் இடையில் இருபது யூனிற் வித்தியாசம். மூன்று இரவும் அதே கதை. மோட்டர் ஓடாதபோது மீற்றர் ஓடியிருக்கிறது, மோட்டர் ஓடும்போது ஓடுவதைவிட நாளொன்றுக்கு அதிகமாக.

"நான் ராவுல மோட்டரப் போடுறன் எண்டா நெனக்கிற?" என்றார் ராத்தா.

"இல்ல ராத்தா. வேற யாரோ இந்த லைன்ல தொங்குறாங்க."

மதிலிலிருந்து நேரே மோட்டர் அறைக்கு வரும் வயர், மீற்றரைத் தாண்டிய பிறகு எட்டுப் பத்து வளவுகளை உரசிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறது. கூரைத் தகடு, முருங்கைக் கொப்பு, உடுப்புக் காயப்போடும் கயிறு எல்லாவற்றோடும் சேர்ந்து பின்னிக் கிடந்தது. உப்புக் காற்றில் எல்லா வயருக்கும் ஒரே நிறம். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்க்க ஒரு மாதம் எடுக்கும். என்னிடம் வேறொரு முறை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை, ஆனால் இந்த ஊரின் கரண்ட் பாஸ்மார் எல்லோருக்கும் தெரிந்தது. காலை பத்து மணிக்கு, ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கும்போது, இந்த ஒரு லைனை மட்டும் நிறுத்திவிட்டு யார் வீட்டில் சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பது.

ராத்தாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் மோட்டர் அறை வாசலில் சாட்சிக்கு நின்றார்கள். மீற்றருக்குப் பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"டேய், கரண்ட் போயிட்டு!" என்று சர்பத் கடைப் பக்கமிருந்து முதல் குரல் வந்தது. ராத்தா சோக்கால் சுவரில் ஒரு கோடு போட்டார். அரிசி மா அரைக்கும் வீட்டில் இயந்திரம் இழுத்துக்கொண்டே ஓய்ந்தது. இன்னொரு கோடு. தையல் வீடு. றேடியோ வீடு. சாட்சிக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி தன் வீட்டிலிருந்து மகள் கூப்பிடும் சத்தம் கேட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்ல நழுவினாள். அதற்கும் ஒரு கோடு. மொத்தம் எட்டு.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "ராத்தா, பாத்தீங்களா? தண்ணிக்குக் குடுத்த லைன்ல சனம் செய்ற வேலய. கொஞ்சமாச்சும் வெக்கம் வேணாமா?" என்று கதையை ஆரம்பித்தேன்.

அந்த நேரம் ஒழுங்கை முனையில் என் மனைவி றிஸ்மினா வந்தாள். கையில் அகப்பை. சத்தம் போடவில்லை, நேரே என்னிடம் வந்தாள்.

"இஞ்ச என்ன செய்றீங்க? வீட்டுல பிரிஜ் நிண்டு போச்சு. மேலுக்கு ஃபேன் சுத்துது, லைட் எரியிது, பிரிஜ் மட்டும் செத்துக் கிடக்கு. கரண்ட் பாஸ் எண்டு பேர்தான்."

உம்மு குல்சூம் ராத்தா சோக்கை எடுத்து ஒன்பதாவது கோட்டை ஆறுதலாகப் போட்டார். மற்ற எட்டையும்விட அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

பெண்கள் சிரிக்கத் தொடங்கியபோது நான் சுவிட்சை ஏற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனாஸுக்கு அழைத்தேன். மச்சான் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஓம் மச்சான், நான்தான் குடுத்தன். நீங்க கட்டார்லருந்து அந்தப் பெரிய பிரிஜ்ஜ அனுப்பினீங்க தானே. பில் ஏறுமெண்டு றிஸ்மினா ராத்தா அத மூணு மாசம் பிளக் குத்தாம உடுப்பு வெச்சிருந்தா. பாக்கப் பாவமா இருந்திச்சு. வயர் கூரைக்கு மேலாலதானே போகுது எண்டு அதுலருந்து பிரிச்சு ஒரு கை வயர் போட்டுக் குடுத்தன்."

"என்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கரண்ட் பாஸ். பாத்தா வெளங்குமெண்டு நெனச்சன்."

பதினோரு வருடம் அந்தக் கூரைக்குக் கீழே படுத்து எழும்பியிருக்கிறேன். விளங்கவில்லை.

"இப்ப ஒண்டும் கெட்டுப் போகல்ல," என்றான் இனாஸ். "யாரையும் கழட்டாதீங்க. முப்பது நாளும் அப்புடியே ஓடட்டும். வாற கணக்கு முழுக்கத் தண்ணி மோட்டர் எண்டு எழுதுங்க. கழிச்சா கட்டடம் மஞ்சள், ஹாஜியாருக்கும் சந்தோஷம், சனத்துக்கும் சந்தோஷம்."

உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்குப் பிடித்தது. கணக்குப் போட்டும் பார்த்தேன்: மோட்டரையும் ஒன்பது வீட்டையும் சேர்த்துக் கழித்தால் நூற்றி ஏழு. பளிச்சென்ற மஞ்சள். ஆனால் மோட்டர் அறைச் சுவர் முழுக்க ராத்தாவின் சோக்கு எழுத்து இருந்தது. எந்த எண் மோட்டருடையது, எந்த எண் களவு என்று அதில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதிகாரி அந்த அறைக்குள் வந்தால் பொய் பிடிபடும். பிடிபட்டால் கிணற்று வயரும் சேர்ந்தே போகும். சுவரில் வெள்ளை பூசலாம்தான். ராத்தா என்னையும் சேர்த்துப் பூசிவிடுவார்.

படிவத்தை மறுபடி எடுத்து, பொடி எழுத்திலும் பொடி எழுத்தைத் தேடி வாசித்தேன். முதல் வருடத்தில் மட்டும், முறைகேடான இணைப்பைத் தாமாக அறிவித்துத் துண்டித்துக்கொண்டவர் மீது நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேலே 'பெறுபவரின் ஒப்பம்'. அதைப் பல தரம் வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, 'கொடுப்பவரின் ஒப்பம்' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் எங்கேயுமே இல்லை.

ஹாஜியார் எதையும் சொல்லிக் காட்டத் தேவையில்லை. வாங்கியவர்கள் வாங்கினோம் என்று சொன்னால் போதும். கொடுத்தவர் மறைப்பதற்குத்தான் நன்மை. வாங்கியவன் மறைப்பதற்கு என்ன நன்மை இருக்கிறது?

றிஸ்மினாவிடம் சொன்னேன். பிரிஜ்ஜிலிருந்த மீனை உப்புப் போட்டுச் சட்டிக்கு மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது வீட்டுக்காரரும் சைன் வெக்கணும். களவு எடுத்தம் எண்டு எழுதி யாரு சைன் வெப்பா?" என்றேன்.

"முதல்ல நம்மட வீடு வெச்சா மத்தவங்க வெப்பாங்க. எங்க வெக்கணும்?"

"நீ இல்ல, நான்."

"பிரிஜ் என்ட. பில்லுக்குப் பயந்ததும் நான்தான். ஒங்களுக்கு ஒரு இழவும் தெரியாதே."

"தெரியாதெண்டு எழுதவா? கரண்ட் பாஸ்ட வீட்டுல களவுக் கரண்ட் ஓடினது கரண்ட் பாஸுக்குத் தெரியாதெண்டு? அதவிடக் களவெடுத்தனெண்டு எழுதுறது மரியாத."

அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கடைசியில் ஒரே கட்டத்துக்குள் இருவரும் ஒப்பம் வைத்தோம், நான் மேலே, அவள் கீழே. பிறகு நான் கூரையில் ஏறினேன். இனாஸ் போட்டிருந்த கை வயரை வெட்டினேன். நல்ல நேர்த்தியான வேலை. என்னைவிட அவன் கெட்டிக்காரன்.

மற்ற எட்டு வீட்டுக்கும் நானும் றிஸ்மினாவும் சேர்ந்து போனோம். சர்பத் கடைக்காரர் கதவைச் சாத்தினார். வாசலிலேயே நின்றோம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்துத் திறந்தவர் முன்னால் படிவத்தை நீட்டினேன்.

"என்ன பாஸ், எங்கள மாட்டி விடுற வேலையா?"

"முதல் பேர வாசிங்க."

வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். "இது ஒங்கட பேர்."

"ஓம்."

"சுப்பர்மார்க்கெட் ஜபாருக்கு இது தெரியுமா?"

"நீங்க சைன் வெச்சா சொல்லலாம்."

அந்தச் செய்தியை முதல் ஆளாகப் போய்ச் சொல்லும் ஆசையிலேயே அவர் ஒப்பம் வைத்தார். தையல் வீட்டுக்கு நான்கு தடவை நடந்தோம். அரிசி மா வீட்டில் திட்டு வாங்கினோம். றேடியோ வீட்டுக்காரர் கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, ஆனால் ஒப்பம் வைத்தார். ஒன்பதும் முடிய இரண்டு கிழமை ஆனது. ஒவ்வொரு ஒப்பத்தோடும் ஒவ்வொரு வயராக வெட்டினேன். மோட்டர் ஓடாதபோது மீற்றரும் அசையாமல் நின்றது.

முப்பதாம் நாள் அஸருக்குப் பிறகு உம்மு குல்சூம் ராத்தாவிடம் படிவத்தைக் கொடுத்தேன். கிணற்றுக்கான ஒப்பம் அவருடையது.

"ஹாஜியார்ட பேர் எங்கயாவது இருக்கா?"

"இல்ல. கட்டடத்துட பேர் மட்டும்தான்."

"நல்லம். அவர்ட பேர எழுத வாணாம். எங்கட பேர எழுது. அறுவத்திரண்டு வீடும் குடிக்கிது எண்டு எழுது. எப்பருந்து எண்டு எழுது."

"எப்பருந்து எண்டு எழுத இதுல கட்டம் இல்ல ராத்தா."

"கட்டம் இல்லாட்டி?" பேனையைப் பிடுங்கி, படிவத்தின் ஓரத்தில், தொண்ணூறாம் ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்து என்று தானே எழுதினார். பிறகுதான் ஒப்பம். ஒப்பத்தைச் சோக்குப் பிடிப்பது போலப் பேனையை அழுத்திப் பிடித்து வைத்ததால் மூன்று கொப்பியிலும் பதிந்தது.

அதிகாரி அடுத்த கிழமை வந்தார். சிலாபம் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாகக் கதைத்தார், எண்களை மட்டும் சிங்களத்தில் சொன்னார். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். மதிலைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். நாங்கள் காட்டுமுன் தானே மோட்டர் அறைக்கு நடந்தார். அங்கே சுவருக்கு முன்னால் நிரம்ப நேரம் நின்றார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான் மிஸ்," என்றார் ராத்தா. "பிழை இருக்கா?"

"இல்ல. எங்கட ஒஃபீஸ்லயும் இப்பிடி எழுதினா நல்லம்."

பிறகு படிவத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கும் முதல் பக்கத்துக்கும் இரண்டு மூன்று தரம் போய் வந்தார்.

"இஞ்ச பொறுப்பாளர் முபாரிஸ். இஞ்ச களவா எடுத்த ஆள் முபாரிஸ். அண்ணன் தம்பியா?"

"இல்ல மிஸ். ரெண்டும் நான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கத்தான் குனிந்து எழுதினார் என்று நினைக்கிறேன். நீதி வழங்கும்போது குரலில் சிரிப்பு இருக்கவில்லை. கிணற்று வயருக்கு ஆறு மாத அனுமதி. அதற்குள் கிணறு தன் பேரில் தனி இணைப்பு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் துண்டிப்பு. ஒன்பது வீட்டின் மீதும் நடவடிக்கை இல்லை. மோட்டரின் அளவைக் கட்டடத்தின் தொகையிலிருந்து கழிக்கலாம். களவாகப் போனதைக் கழிக்க முடியாது. அதைத் தடுப்பது பொறுப்பாளரின் கடமை.

நூற்றி முப்பதிலிருந்து மோட்டரின் பங்கான ஒன்பதைக் கழித்தால் நூற்றி இருபத்தொன்று. ஒன்றே ஒன்றால் சிவப்பு.

"ஒண்டுதானே மிஸ்," என்றேன்.

"ஒங்கட பிரிஜ்," என்றார்.

பலகையை வாசலில் நானே மாட்டினேன். ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது ஜபார் வெளியே வந்து நின்றார். சர்பத் கடைக்காரர் தன் கடமையைச் செய்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"முப்பத்தெட்டு யூனிற்," என்றார் ஜபார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஹாஜியாரும் இறங்கி வந்தார், லிஃப்ற்றை நம்பாமல் படியால். சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு வந்த ஒருவர், "என்ன ஹாஜியார், இவ்வளவு கரண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிணற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஹாஜியார், "ஓம், கூடத்தான் போயிருக்கு," என்றதோடு சரி.

"ஹாஜியார், வாற வருஷம் மஞ்சள். எனக்குத் தாங்க ஒரு வருஷம்," என்றேன்.

"இடப்பக்கம் சரிஞ்சு நிக்கிது. நேராக்கு," என்று சொல்லிவிட்டு என் சட்டைப் பைக்குள் மடித்த கடதாசி ஒன்றைத் திணித்தார். கிணறு இருக்கும் நிலத்தைக் குடியிருப்பின் பாவனைக்கு விடுவதாக, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட கடிதம். தனி இணைப்புக்கு அது வேண்டுமென்று நான் அவரிடம் கேட்டிருக்கவேயில்லை. திகதியைப் பார்த்தேன். நான் லிஃப்ற்றுக்குள் அதிகாரியான அதே கிழமை. ஏதும் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் பாதிப் படி ஏறிவிட்டிருந்தார்.

அடுத்த நாள் காலை நானும் உம்மு குல்சூம் ராத்தாவும் கரண்ட் கந்தோருக்குப் போனோம். கருமபீடத்திலிருந்த கிளாக்கர் ஹாஜியாரின் கடிதத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இந்தக் கிணறு எவ்வளவு காலமாப் பாவனையில இருக்கு எண்டதுக்கு ஏதாவது எழுத்து இருக்கா?"

ராத்தா படிவத்தின் கொப்பியை எடுத்து, ஓரத்தில் எழுதிய இடத்தில் விரலை வைத்தார். கிளாக்கர் வாசித்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

"யாரு பேர்ல?"

"உம்மு குல்சூம். செயலாளர், தலைவர், மோட்டர் போடுற ஆள், எல்லாம் நான்தான். எது வேணுமோ அதப் போடுங்க."

முத்திரை விழுந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரெண்டு தூண் நடணும். எங்கட ஆக்கள் வந்து பாத்து, குழி வெட்டி, அதுக்கெல்லாம் நாலு மாசம், அஞ்சு மாசம் போகும்."

"எந்த எடத்துலயெண்டு இண்டைக்கே வந்து காட்டுங்க," என்றார் ராத்தா. "ஒம்பது வீட்டுக்காரரும் மண்வெட்டியோட ஒழுங்கையில நிக்கிறாங்க. குழி நாங்க வெட்டுறம். நீங்க தூணக் கொண்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது நியாயம் சொல்லி ராத்தாவை அழைத்துப் போவேன் என்று. நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.